பழைய காருக்கு இன்ஷூரன்ஸ்: ஐ.டி.வி.யைப் பேசி முடிக்காமல் பணம் கட்டாதீர்கள்

ஹெரால்டு, பத்மினி, அம்பாஸடர் என்று நாற்பது, ஐம்பது வருஷக் காரைத் தேடிப் பிடித்து வாங்குகிறோம். டிங்கரிங், பெயிண்டிங், சீட் வேலை என்று லட்சக்கணக்கில் செலவாகிறது. இன்ஷூரன்ஸ் என்று வரும்போது மட்டும் "ஏதோ ஒண்ணு போட்டுடுங்க" என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படிப் போட்ட பாலிசியை எடுத்துப் பார்த்தால் காரின் மதிப்பு, அதாவது ஐ.டி.வி., அறுபதாயிரம் என்று இருக்கும். கார் இடிபட்ட பிறகு அந்த எண்ணை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே, முதன்முறையாகப் பழைய காருக்கு இன்ஷூரன்ஸ் எடுப்பவர்கள் என்ன வரிசையில் செய்ய வேண்டும் என்று பார்ப்போம். எல்லாம் இந்தியச் சட்டப்படியான விஷயங்கள்.

1. உங்கள் கார் எந்த வகை?

'கிளாசிக்' என்ற சொல்லுக்கு நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்த அர்த்தமும் கிடையாது. 'வின்டேஜ்' என்பதற்கு உண்டு, அதுவும் இரண்டு விதமாக.

2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டிய, சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத கார், பைக் எல்லாம் வின்டேஜ். இன்ஷூரன்ஸ் துறையின் 2002 டாரிஃபில் (பிரீமியக் கட்டண விதித் தொகுப்பில்) இருந்த வரையறை வேறு: 1940 டிசம்பர் 31க்கு முன் தயாரானதாகவும், வின்டேஜ் அண்டு கிளாசிக் கார் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்று பெற்றதாகவும் இருக்க வேண்டும். 1968 மாடல் ஹெரால்டு முதல் கணக்கில் வின்டேஜ், இரண்டாவது கணக்கில் இல்லை. 1985 பத்மினி இரண்டிலும் இல்லை. கவுன்டரில் ஏற்படும் குழப்பத்தில் பாதி இந்த இரண்டு கணக்குகளைக் கலந்துகொள்வதால் வருவதுதான்.

50 வருஷம் தாண்டியிருந்தால் படிவம் 20 கொடுத்து வின்டேஜ் பதிவு வாங்கலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருஷம் செல்லும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம். வின்டேஜ் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போய்வர விரும்புகிறவர்களுக்குச் சாதாரணப் பதிவே சரி என்பது எங்கள் கருத்து. வின்டேஜுக்கே போவதென்றாலும், விண்ணப்பத்தோடு பாலிசி நகல் வைக்க வேண்டும். எனவே இன்ஷூரன்ஸ்தான் முதலில்.

2. ஆர்.சி.யையும் வாகன் பதிவையும் சரிபாருங்கள்

பழைய ஆர்.சி. புக் கையெழுத்தில் இருக்கும். 'வாகன்' கம்ப்யூட்டர் பதிவில் அந்த விவரம் ஏறாமலே இருக்கலாம். ஆன்லைனில் நம்பரைத் தட்டியதும் "விவரம் இல்லை" என்று வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பேக்லாக் என்ட்ரி' கேளுங்கள். ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்மினியின் 1089 சிசி, 1809 என்று ஏறிவிட்டால் தேர்ட் பார்ட்டி (உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பு) பிரீமியம் 3,416லிருந்து 7,897 ரூபாய்க்குத் தாவிவிடும்.

இந்த வேலைக்கு முன் சேசிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். நம்பர் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். எமரி பேப்பர், கம்பி பிரஷ் கிட்டவே வரக்கூடாது. எழுத்து தேய்ந்தால், திரும்பப் பொறித்த திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய வெள்ளைத்தாளை இரண்டு பக்கமும் செல்லோடேப் போட்டு விறைப்பாக ஒட்டி, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேயுங்கள். எழுத்துகள் வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் எழும்பி வரும். மூன்று பிரதி எடுங்கள். 3, 8 இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆர்.சி.யில் எழுதியவரும் அதே இடத்தில் தடுமாறியிருக்கலாம்.

இன்ஜின் நம்பரும் பொருந்த வேண்டும். அம்பாஸடரில் வேறு கம்பெனி டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு ஆர்.சி.யில் மாற்றாமல் ஓட்டுவது பரவலாக நடக்கிறது. சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி இதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அந்த நிலையில் எடுத்த பாலிசியில் கிளெய்ம் போனால் சர்வேயர் (சேதத்தைக் கணக்கிட வருபவர்) முதலில் பிடிப்பது இதைத்தான்.

ஆர்.சி. காலாவதி ஆகியிருந்தால் ஒரு சிக்கல் உண்டு. புதுப்பிக்க இன்ஷூரன்ஸ் கேட்பார்கள், காலாவதியான ஆர்.சி.யோடு ஃபுல் இன்ஷூரன்ஸ் எடுத்தாலோ கிளெய்மில் நிற்காது. தேர்ட் பார்ட்டி பாலிசியை மட்டும் முதலில் எடுங்கள். பிறகு புகைச் சான்று, படிவம் 25, ஆய்வு என்று ஆர்.சி.யைப் புதுப்பியுங்கள். அதற்குப் பின் உங்கள் காரின் சேதத்துக்கான 'ஓன் டேமேஜ்' பாலிசியைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். 2019 முதல் இப்படித் தனியாகக் கிடைக்கிறது.

3. எந்தப் பாலிசி?

தேர்ட் பார்ட்டி இல்லாமல் பொது இடத்தில் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தப் பகுதியின் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம்: 1000 சிசி வரை 2,094, 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 948 சிசி ஹெரால்டு முதல் படியில் வரும். 1489 சிசி அம்பாஸடர் இரண்டாவதில். வின்டேஜாகப் பதிவான தனியார் காருக்கு இந்தத் தொகையில் பாதிதான். இதைக் கேட்டு வாங்குங்கள், கவுன்டரில் பலருக்குத் தெரிவதில்லை.

கார் பிரிந்துபோய்ப் பட்டறையிலோ ஷெட்டிலோ கிடக்கிறதா? ரோட்டுக்கே வராத காருக்குத் தீ, திருட்டுக்கு மட்டுமான காப்பீடு உண்டா என்று கேளுங்கள். வெல்டிங் நடக்கிற இடத்தில் பெட்ரோல் டேங்கோடு நிற்கும் காருக்கு நிஜமான ஆபத்து தீதான்.

4. ஐ.டி.வி.

பாலிசியில் 'இன்ஷூர்டு டிக்ளேர்டு வேல்யூ' என்று போட்டிருக்கும் தொகைதான் ஐ.டி.வி. கார் திருடுபோனாலோ முழுசாக அழிந்தாலோ கிடைக்கும் உச்சத்தொகை அது. புது காருக்கு இதற்குப் பட்டியல் உண்டு: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஐந்தாம் வருஷம் 50 சதவீதம் என்று. ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் பட்டியல் கிடையாது. கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. அதாவது பேசுகிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. பேசாவிட்டால் பழைய வண்டி என்று ஒரு சின்னத் தொகை தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

திருட்டு, தீ மாதிரி பெரிய விபரீதத்தில்தான் இது உறைக்கும் என்று நினைக்க வேண்டாம். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் 'டோட்டல் லாஸ்' கணக்கில் போய்விடும். ஒரு உதாரணம் பாருங்கள். ஹெரால்டின் முன்பக்கம் இடிபட்டிருக்கிறது. பட்டறை பில் இப்படி:

- டிங்கரிங், பொருத்தும் கூலி: 18,000
- இரும்பு பாகங்கள்: 20,000
- ரப்பர் பீடிங்: 3,000
- முன் கண்ணாடி: 8,000
- பெயிண்டிங், மொத்தமாக: 24,000

மொத்தம் 73,000 ரூபாய். ஐ.டி.வி. 60,000 என்றால் அதில் 75 சதவீதம் 45,000. நன்றாக ஓடக்கூடிய காரை டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார்கள். உடைந்த நிலையில் காரை கம்பெனியிடம் விட வேண்டும், அல்லது அதன் ஸ்கிராப் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். நெளிந்த ஒரு மட்கார்டுக்காகக் காரையே இழக்க வேண்டாமே.

அதே காருக்கு ஐந்து லட்சம் ஐ.டி.வி. இருந்தால் இது சாதாரண ரிப்பேர் கிளெய்ம். கூலியில் தேய்மானக் கழிவு இல்லை, கண்ணாடியிலும் இல்லை. பத்து வருஷம் தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்குப் பாதி, அதாவது 10,000 கழியும். ரப்பரில் பாதி, 1,500. பெயிண்டிங் ஒரே பில்லாக இருந்தால் அதில் 25 சதவீதம் பொருள் என்று கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள்: 3,000. 1500 சிசிக்குள் காருக்கு உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. ஆக 15,500 போக 57,500 ரூபாய் கையில் வரும். 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் காப்பு எடுத்தால் தேய்மானக் கழிவுகள் இருக்காதே என்று கேட்கலாம். அதைப் பொதுவாகச் சில வருஷக் காருக்குத்தான் தருகிறார்கள்.

கூடுதல் ஐ.டி.வி.க்குப் பிரீமியம் எவ்வளவு ஏறும்? 2007 முதல் ஓன் டேமேஜ் விலையை கம்பெனிகளே வைக்கின்றன. ஒரு அளவுகோலுக்குப் பழைய டாரிஃபைப் பாருங்கள்: சென்னைப் பதிவு, பத்து வருஷம் தாண்டிய, 1000 சிசிக்குள் காருக்கு 3.362 சதவீதம். அறுபதாயிரத்துக்குச் சுமார் 2,017 ரூபாய். ஐந்து லட்சத்துக்கு 16,810. இதில் கம்பெனி தரும் தள்ளுபடியைப் பேசிக் குறைக்கலாம். ஐ.டி.வி.யைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

நீங்கள் கேட்கும் தொகைக்கு ஆதாரம் வேண்டும். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள். சேசிஸ், இன்ஜின் எண்கள், நான்கு பக்கப் படங்கள், அடிப்பாகம், உள்பக்கம், மீட்டர், எவை அசல் பாகங்கள், எவை செய்து போட்டவை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ரெஸ்டோரேஷன் பில்களைத் தேதி வரிசையில் இணையுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கு உதவாது. டிங்கரிடம் பெயர், தேதி, கையெழுத்தோடு பில் வாங்குங்கள். போட்ட செலவு முழுவதும் மதிப்பாக ஏறாது, சந்தையில் அதே மாடல் என்ன விலைக்குப் போகிறது என்பதும் அறிக்கையில் வர வேண்டும்.

1940க்கு முந்தைய, சான்று பெற்ற கார் என்றால் 'அக்ரீடு வேல்யூ' என்று கேளுங்கள். டோட்டல் லாஸில் தேய்மானம் கழிக்காமல் ஒத்துக்கொண்ட தொகையை அப்படியே தரும் ஏற்பாடு அது. பழைய டாரிஃப் அதை வின்டேஜ் காருக்கு மட்டுமே அனுமதித்தது.

5. கிளை அலுவலகத்துக்கு நேரில் போங்கள்

ஆன்லைன் படிவத்தில் ஐந்து லட்சம் ஐ.டி.வி.யை ஏற்றப் பார்த்தால் சாஃப்ட்வேர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கிளை மேலாளரைப் பார்த்து, அறிக்கை, பில்கள், ஆர்.சி. நகல், பென்சில் பிரிண்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கொடுங்கள். குறைந்தது மூன்று கம்பெனியில் எழுத்து மூலம் கொட்டேஷன் வாங்குங்கள். முந்தைய பாலிசி விட்டுப்போயிருந்தால் காரை ஆய்வு செய்வார்கள். அன்று காரைக் கழுவி, பகல் வெளிச்சத்தில் நிறுத்துங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல், துரு எல்லாம் படத்தில் பதிவாகட்டும். மறைத்தால் பிறகு உங்களுக்கே வினை.

6. பாலிசி வந்த அன்றே வாசிக்க வேண்டியது

சேசிஸ் நம்பர், சிசி, ஐ.டி.வி. மூன்றையும் சரிபார்த்த கையோடு 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் பாருங்கள். தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு விடுவது, பந்தயம், வேகச் சோதனை, 'ரிலையபிலிட்டி ட்ரயல்' எதற்கும் காப்பு கிடையாது. கல்யாண ஊர்வலத்துக்கோ சினிமா ஷூட்டிங்குக்கோ காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது வாடகை. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் உங்கள் காருக்குக் கிடைக்காதது மட்டுமில்லை, அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டையும் கம்பெனி உங்களிடம் வசூலிக்க வழியுண்டு. கிளப் நடத்தும் அணிவகுப்புக்குப் போகுமுன் அது நேரக்கணக்குப் போட்டியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போட்டி என்றால் ராலிக்கான கூடுதல் எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு இணைக்கும் சேர்க்கை) எடுக்க வேண்டும்.

7. கிளெய்ம் வந்தால்

உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்ற வேண்டாம். கடையில் கிடைக்காத பாகத்தைத் தகடு தட்டிச் செய்ய வேண்டியிருந்தால், எஸ்டிமேட்டை முதலில் சர்வேயரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். கூலியையும் பொருளையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். மேலே பார்த்த மாதிரி கழிவு பொருளுக்குத்தான். இரண்டையும் சேர்த்து எழுதினால் கூலியும் அதில் மாட்டிக்கொள்ளும்.

புதுப்பிப்பும் பெயர் மாற்றமும்

பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) போய்விடும். பழைய கார் விலை ஏறக்கூடியது என்பதால், மதிப்பீட்டு அறிக்கையை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

பாலிசி உள்ள காரை விலைக்கு வாங்கியிருந்தால் தேர்ட் பார்ட்டி பகுதி தானாக உங்கள் பெயருக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் பகுதி அப்படி வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயர் மாற்றுங்கள். அது முடியும்வரை காரை ஷெட்டிலேயே வைத்திருங்கள்.