பழைய காருக்குச் செலவு செய்வதா, மாற்றுவதா? ஏற்காடு மலை ஏற்றிப் பார்த்து முடிவு செய்யும் முறை

என்னுடையது 2010-இல் பதிவான ஐ10, 1.1 பெட்ரோல். பதினைந்து வருட ஆர்.சி. முடியும் சமயத்தில் வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. "இதுல இன்னும் எதுக்குக் காசைக் கொட்டறீங்க?" என்று ஒரு கட்சி. "ஓடற வண்டியை யாராவது விப்பாங்களா?" என்று இன்னொரு கட்சி. அப்போது நான் செய்து பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆயில் அளவு, டயர் காற்று பார்ப்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு பயத்தை முதலில் தள்ளிவிடலாம். டீசல் 10 வருடம், பெட்ரோல் 15 வருடம் என்ற கெடு டெல்லி வட்டாரத்துக்காக வந்தது. இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, எஃப்.சி. (தகுதிச் சான்று) பாஸானால் ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ளலாம். புதுப்பிக்கும் கட்டணம்தான் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. பசுமை வரி தனி. தேதி தாண்டினால் மாதாமாதம் அபராதம் ஏறும் என்பதால், கீழே உள்ளதை எல்லாம் ஆர்.சி. முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

படி 1: எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதுங்கள்

மெக்கானிக் கொடுக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், ஷாக் அப்சார்பர் எல்லாம் எந்த வண்டியிலும் தேய்கிறவை. புது வண்டி வாங்கினாலும் நாலைந்து வருடத்தில் இவற்றில் பலவற்றுக்குச் செலவு வரும். இவற்றைத் தனியாக எழுதி ஓரமாக வையுங்கள். மிச்சம் இருப்பது எஞ்சினும் கியர்பாக்ஸும் பாடியும். முடிவு அங்கேதான் இருக்கிறது.

படி 2: அடியில் பாருங்கள்

ஜாக்கி வைக்கும் இடம், உள்ளே விரித்திருக்கும் கால்மிதிக்குக் கீழே இருக்கும் தரை, முன்பக்க ஷாக் அப்சார்பர் மேலே மாட்டியிருக்கும் இடம், இந்த மூன்றையும் ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் சரி. மொத்தையாகச் சத்தம் வந்து துகள் உதிர்ந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, வண்டியைக் கொடுத்துவிடுங்கள். கதவில், பானெட்டில் துரு என்றால் டிங்கரிங் பார்க்கலாம். தாங்கும் இடத்தில் துரு என்றால் வெல்டிங் வைத்து ஒப்பேற்றுவதை நான் ஏற்கமாட்டேன். சேலத்து வெயிலில் நின்ற வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் பனியிலும் மழையிலும் நின்ற வண்டியை வாங்கியிருந்தால் இந்தப் படியை இரண்டு தடவை செய்யுங்கள்.

படி 3: மலை ஏற்றுங்கள்

சேலம் ஊருக்குள் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் ஓட்டிப் பார்த்து எஞ்சினைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் சோதனைக்கூடம். வார நாளில், விடிந்தவுடன் போங்கள். மே மாதம் கோடை விழா சமயத்தில் வேண்டவே வேண்டாம். கிளம்பும் முன் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டே ஏறுங்கள். அதில் ஈரம் சேர்ந்திருந்தால் இறக்கத்தில் சூடேறி பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். கூட ஒருவர் பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் புகையைக் கவனிக்க வேண்டும்.

ஏறும்போது பார்க்க வேண்டியது இரண்டு. டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறதா? அப்படியென்றால் ஓரம்கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றையும் பார்த்த பிறகுதான் மறுபடி மலை. அடுத்தது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்காமல் இருக்கிறதா? அது கிளட்ச். வண்டியை விற்கக் காரணம் ஆகாது.

இனி இறக்கம். பலரும் குழம்பி, தேவையில்லாமல் எஞ்சினைப் பிரித்துப் போடுவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். உடனே "ரிங் போச்சு, போரிங் பண்ணணும்" என்று, எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரைக் கடைவதற்கு எஸ்டிமேட் வரும். ஆனால் பெட்ரோல் எரியும் சிலிண்டருக்குள் ஆயில் போக இரண்டு வழி உண்டு. ஒன்று, தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகக் கீழிருந்து. இன்னொன்று, வால்வு சீல் வழியாக மேலிருந்து.

இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. காற்று வரும் வழி மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சும் விசை அதிகம். வால்வு சீல் தேய்ந்திருந்தால் அந்த உறிஞ்சலில் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கி நிற்கும். இரண்டு வளைவு இப்படி இறங்கிவிட்டு, முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான இடத்தில் லேசாக மிதியுங்கள். பின்னால் குப்பென்று நீலப் புகை வந்து உடனே தெளிந்துவிட்டால், பெரும்பாலும் சீல். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டோடு முடிகிற வேலை. ஏறும்போதே, மிதிக்க மிதிக்க, நிற்காமல் நீலமாக வந்தால்தான் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். என் வண்டியில் வந்தது சீல் வகை.

காலை ஏழு மணிக் குளிரில் லேடிஸ் சீட் பக்கம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் விடும். அது நீராவி. சூடான பிறகும் வெள்ளை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

பின்னர் சேர்த்தது: இறக்கச் சோதனையில் தன் வண்டியில் ஒன்றுமே தெரியவில்லை என்று டீசல் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர் எழுதியிருந்தார். டீசலில் காற்று வழியை அப்படி மூடுவதில்லை, அதனால் அந்த உறிஞ்சல் வராது. டீசல்காரர்கள் எஞ்சின் சூடாக ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். ரயில் எஞ்சின் மாதிரி குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது.

படி 4: கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள்

கம்ப்ரஷன் என்பது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற அளவு. மலை சொன்னதை உறுதி செய்ய இது போதும். ரப்பர் முனையை ஓட்டையில் அழுத்திப் பிடிக்கும் கேஜ் வேண்டாம், கை தளர்ந்தால் அளவு மாறும். பிளக் ஓட்டையில் திருகி மாட்டும் கேஜ் வைத்திருக்கும் பட்டறையாகப் பாருங்கள். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி அளக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கலாமா என்று கேட்பார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அது சரியாக இணைவதே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல கேஜே மேல்.

படி 5: கணக்கு

"வண்டி விலையில் பாதிக்கு மேல் செலவு வந்தால் விற்றுவிடு" என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வண்டி என்ன விலைக்குப் போகும் என்பது விற்கிறவருக்குத்தான் தேவை. ஓட்டப் போகிறவர் மாதச் செலவைப் பார்க்க வேண்டும்.

உதாரணத்துக்கு, 6 லட்ச ரூபாய் வண்டி. இன்சூரன்ஸ் கணக்கில் ஐந்தாவது வருடம் முடியும்போது மதிப்பு பாதி. ஆக 60 மாதத்தில் 3 லட்சம் போகிறது, மாதம் 5,000. அதில் 5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் வட்டி மட்டும் மாதத்துக்குச் சராசரி 2,000-க்கு மேல். மொத்தம் 7,000. பழைய வண்டிக்கு 50,000 செலவு செய்து இரண்டு வருடம் ஓட்டினால் மாதம் சுமார் 2,100. திடீர்ச் செலவுக்கு மாதம் 2,000 ஒதுக்கினாலும் 4,100-தான். இந்த இரண்டு எண்களையும் உங்கள் வண்டிக்குப் போட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதனால் பழைய விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கணக்குக்குள் வராதது ஒன்று இருக்கிறது. பிரேக்கை அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எல்லா கார்களுக்கும் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய பேஸ் மாடல் என்றால் அதுவும் ஏர்பேக்கும் பெரும்பாலும் இருக்காது. வாராவாரம் குழந்தைகளோடு மலை ஏறி இறங்குகிறவர்கள் 7,000 கணக்கைப் பார்க்காமல் மாற்றுங்கள் என்பேன். எங்களுக்கு வண்டி கடைவீதிக்கும் ஜங்ஷனுக்கும்தான். சீலும் கிளட்ச்சும் மாற்றி வைத்துக்கொண்டோம்.

பின்னர் சேர்த்தது: செவர்லே, ஃபோர்டு வைத்திருப்பவர்கள் கேட்டிருந்தார்கள். செவர்லே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. எஸ்டிமேட் வாங்கும்போதே ஒவ்வொரு பார்ட்டும் கையில் இருக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று எழுதி வாங்குங்கள். "பார்க்கலாம் சார்" என்று பதில் வந்தால் அதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

மாற்றுவது என்று முடிவானால், பழைய பாலிசியில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸை விட்டுவிடாதீர்கள். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லை என்றால் 50 சதவீதம். அது வண்டியோடு போகாது, உங்களுடையது. இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று ஆன்லைனில் பாருங்கள். மாறும்வரை அந்த வண்டி வாங்கும் அபராதம் எல்லாம் உங்கள் பெயருக்குத்தான் வரும்.