காகிதப் பட்டையில் ஒரு மரபணு: ஆர்.என்.ஏ. செப்பனிடப்படும் விதம்

நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பகுதிப் பிள்ளைகள் பலருக்கு அரிவாள் அணு சோகை என்ற சொல் பாடப்புத்தகத்துக்கு முன்பே வீட்டில் பழக்கமாகிவிடுகிறது. இந்தியாவில் அந்தப் பண்பைப் பற்றி 1952-இல் வெளிவந்த தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று நீலகிரிப் பழங்குடி மக்களிடையே நடந்ததுதான். ஆகவே, மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. எப்படிச் செப்பனிடப்படுகிறது என்று காட்டும் இந்தப் பாடத்துக்கு, அந்த நோயோடு தொடர்புடைய, ஹீமோகுளோபினின் பீட்டா குளோபின் மரபணுவையே எடுத்துக்கொள்வோம்.

175 செ.மீ. நீளக் காகிதப் பட்டை, இன்னொரு 20 செ.மீ. துண்டு, கத்தரிக்கோல், பசை, சிவப்பு நீலப் பேனாக்கள் ஆகியவை போதும். நீளப் பட்டைதான் இன்னும் செப்பனிடப்படாத ஆர்.என்.ஏ. அதில் ஒரு மில்லிமீட்டரை ஓர் எழுத்தாக (ஏ, யு, ஜி, சி), அதாவது ஒரு நியூக்ளியோடைடாகக் கொள்ளுங்கள். இடப்புறமிருந்து ஏறத்தாழ 14, 13, 22, 85, 26 செ.மீ. என்று கோடிட்டால், இரண்டாவதும் நான்காவதும் நீக்கப்படும் இன்ட்ரான்கள். மற்ற மூன்றும் செய்தியில் எஞ்சும் எக்ஸான்கள்.

இனி, 7 செ.மீ. தொலைவில் ஒரு சிவப்புப் புள்ளியும், முதல் இன்ட்ரான் தொடங்கியதும் ஐந்தாவது மில்லிமீட்டரில் ஒரு நீலப் புள்ளியும் வையுங்கள்.

முதல் வேலை தொப்பி அணிவிப்பது. படியெடுத்தல், அதாவது டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. உருவாவது, முடியட்டும் என்று செல் காத்திருப்பதில்லை. பட்டை 2 அல்லது 3 செ.மீ. வெளிவந்ததுமே அதன் இடமுனையில் மெத்தில் ஏறிய குவானோசின் (ஜி எழுத்து) ஒன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டுவிடுகிறது. முனையைக் கடித்துச் சிதைக்கும் நொதிகளிடமிருந்து ஆர்.என்.ஏ.வைக் காப்பதும், பின்னர் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அதைப் பற்றிக்கொள்ள உதவுவதும் இந்தத் தொப்பியே.

அடுத்தது வால். ஏஏயுஏஏஏ என்ற ஆறெழுத்து அடையாளத்தைக் கடந்து சுமார் 2 செ.மீ. தள்ளி, 160-ஆவது செ.மீ.யில் வெட்டி, மிச்சத்தை எறிந்துவிட்டு, அந்த முனையில் தனித் துண்டை ஒட்டுங்கள். அது முழுவதும் ஏ எழுத்துகள், டி.என்.ஏ.வில் அதற்கு மூலப்படி கிடையாது, நொதியே ஒவ்வொன்றாகச் சேர்க்கிறது.

மிகுந்த கவனம் வேண்டியது ஸ்பிளைசிங், அதாவது இன்ட்ரான்களை வெட்டி நீக்கி எக்ஸான்களை இணைப்பது. (பிலிப் ஷார்ப்பும் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் 1977-இல் இதை அடினோவைரஸில் கண்டறிந்து, 1993-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.) இன்ட்ரான் பொதுவாக ஜியு என்று தொடங்கி ஏஜி என்று முடியும். தொடக்கத்தை யு1 என்ற சிறு ஆர்.என்.ஏ. இனங்காண்கிறது. முதல் எக்ஸான் முடியும் இடத்தில் வெட்டி, இன்ட்ரானின் தொடக்க முனையை, அதன் கடைசிக்குச் சில செ.மீ. முன்னாலுள்ள ஓர் ஏ எழுத்தோடு ஒட்டினால் சுருக்குக் கயிறு போன்ற கண்ணி உருவாகும். பிறகு ஏஜியை அடுத்து வெட்டி, இரு எக்ஸான்களையும் இணைத்து, இரண்டாவது இன்ட்ரானுக்கும் அவ்வாறே செய்யுங்கள். புரதத்துக்கான செய்தி மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவதால், ஓரெழுத்து பிசகினாலும் அதன்பின் வரும் அனைத்தும் குலைந்துவிடும். உண்மைச் செல்லில் இவ்வேலைகளில் பெரும்பகுதி படியெடுத்தல் நடக்கும்போதே நடக்கிறது.

இப்போது கையில் எஞ்சியிருப்பது 62 செ.மீ. செய்தியும் 20 செ.மீ. வாலும், இதுவே உட்கருவை விட்டு வெளியேறும் தூது ஆர்.என்.ஏ. சிவப்புப் புள்ளி அதில் அப்படியே இருப்பதைப் பாருங்கள். அங்கே ஜிஏஜி என்பது ஜியுஜி ஆவதே அரிவாள் அணு நோயின் காரணம். எக்ஸானில் இருப்பதால் எந்தச் செப்பனிடலும் அதை நீக்காது.

நீலப் புள்ளியோ எறியப்பட்ட கண்ணியோடு போய்விட்டது. ஆயினும் அங்கே ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி இருந்தால், யு1 அந்த இடத்தைச் சரியாகப் பற்ற முடியாமல், வெட்டு அருகிலுள்ள தவறான இடங்களில் விழுகிறது. சரியான தூது ஆர்.என்.ஏ. மிகக் குறைவாகவே உருவாகிறது. இந்தியாவில் பீட்டா குளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரைச் சோகையான பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம் இந்த ஓரெழுத்து மாற்றம்தான்.