மியூவான் துகள ஹால்லயே பார்க்கலாம்: கிளவுட் சேம்பர் செய்யிறது எப்படி

ஸ்கூல் லீவுல பிள்ளைங்களுக்கு ஏதாவது உருப்படியா காட்டணும்னா கிளவுட் சேம்பர், அதாவது கண்ணுக்குத் தெரியாத துகள் போற வழிய மேகக் கோடா காட்டுற பெட்டி, இத செஞ்சு பாருங்க. மியூவான்ங்கிறது எலெக்ட்ரான் மாதிரியே மின்னூட்டம் உள்ள, ஆனா அதவிட கனமான துகள். கடல்மட்டத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு சுமார் 1 மியூவான் வானத்துலேர்ந்து வந்து விழுது, சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி பிளாக்ல நமக்கு மேல பத்து மாடி இருந்தாலும் நிறைய துகள் கான்கிரீட்ட தாண்டி வந்துரும்.

சின்ன கண்ணாடி மீன்தொட்டி, கறுப்பு உலோகத் தட்டு, ஃபெல்ட் துணி, டார்ச், டிரை ஐஸ் (உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு), 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால், இவ்வளவுதான். 70% வாங்காதீங்க, அதுல தண்ணி கலந்திருக்கு, சரியா வராது. டிரை ஐஸ ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாம், நம்ம ஊர் சூட்டுக்கு சீக்கிரம் கரைஞ்சிரும், அதனால செய்யிற அன்னிக்கே வாங்குங்க.

ஃபெல்ட்ட தொட்டிக்கு உள்ள அடியில ஒட்டி ஆல்கஹால்ல நல்லா நனைச்சுட்டு தொட்டிய தட்டு மேல கவுத்து, ஓரத்த டேப் போட்டு காத்து போகாம அடைங்க. தட்டுக்கு கீழ டிரை ஐஸ பரப்புங்க. அது மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையால தொடவே கூடாது, ஜன்னல் திறந்தே இருக்கணும், பக்கத்துல அடுப்பு எரியக்கூடாது.

இனிமேதான் விஷயமே. மேல சூடு, கீழ கடுங்குளிர், அதனால இறங்கி வர்ற ஆல்கஹால் ஆவி தட்டுக்கு மேல கொஞ்சூண்டு உயரத்துல திவலையா மாற ஒரு சாக்கு கிடைக்காதான்னு காத்துக்கிட்டு இருக்கும், மின்னூட்டம் உள்ள துகள் ஒன்னு அதுக்குள்ள பாய்ஞ்சா வழியெல்லாம் அயனிகள, அதாவது மின்னூட்டம் ஏறின அணுக்கள, விட்டுட்டுப் போகும், அந்த அயனிங்க மேலதான் திவலை படிஞ்சு வெள்ளைக் கோடா தெரியும். 1911ல கேம்பிரிட்ஜ்ல வில்சன்ங்கிற இயற்பியலாளர் இப்படிக் கோடுகள பார்த்தாரு, அவரோடது ஆவிய திடீர்னு விரிய விட்டு குளிர வைக்கிற வகை. 1932ல ஆண்டர்சன்ங்கிற இன்னொரு இயற்பியலாளர் அதே மாதிரி சேம்பர காந்தப்புலத்துல வச்சு நடுவுல ஈயத்தகடு போட்டாரு, கோடு எந்தப் பக்கம் வளையுதுன்னு பார்த்துத்தான் எலெக்ட்ரான் மாதிரியே இருந்தாலும் நேர் மின்னூட்டம் உள்ள பாசிட்ரான கண்டுபிடிச்சாரு, எனக்கு இன்னமும் புல்லரிக்கிற சங்கதி இது!

லைட்ட அணைச்சு டார்ச்ச பக்கவாட்டுல தாழ்வா அடிங்க, பத்து பதினஞ்சு நிமிஷம் பொறுமையா இருங்க. நம்ம ஈரக்காத்துக்கு கண்ணாடிக்கு வெளிய பனி படியும், துடைச்சுக்கிட்டே இருக்கணும். நீளமா, மெலிசா, நேரா போனா பெரும்பாலும் மியூவான். குட்டையா தடிப்பா இருந்தா காத்துல இருக்கிற ரேடான்ங்கிற கதிரியக்க வாயுலேர்ந்து வர்ற ஆல்ஃபா துகள். வளைஞ்சு நெளிஞ்சு போனா எலெக்ட்ரான்.

நியூட்ரினோன்னு இன்னொரு துகள் இருக்கு, எதோடயும் லேசுல மோதாம ஊடுருவிப் போயிரும், அதுக்கு மின்னூட்டமே இல்ல, இதுல மாட்டாது. அத பிடிக்கப் போனவங்களுக்கு இந்த மியூவான்தான் பெரிய தொல்லை, மேல இருக்கிற பாறை அத தடுக்கணும், அதனாலதான் நம்ம தமிழ் ஆளுங்க தலைமுறை தலைமுறையா வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்துல 2 கிலோமீட்டருக்கும் கீழ கருவிய வச்சு 1965ல வளிமண்டல நியூட்ரினோவ பிடிச்சாங்க.

மிச்ச டிரை ஐஸ சிங்க்லயோ குப்பைக் குழாய்லயோ போடாதீங்க, மூடி போட்டு இறுக்கவும் கூடாது, வெடிச்சிரும். காத்தோட்டமா, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல விட்டுருங்க, தானா ஆவியாகிரும்.