'சுத்துது' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

போன வருஷம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் மோட்டார் உறுமியது, டிரம் மட்டும் கல் மாதிரி நின்றது. புகாரை இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்ததால் 'ஸ்பின் நாட் வொர்க்கிங்' என்று அடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். வந்த மெக்கானிக் கையில் தண்ணீர் வெளியேற்றுகிற பம்ப். தேவைப்பட்டதோ பெல்ட். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, மெஷின்காரர்களுக்கு 'ஸ்பின்' என்றால் கடைசியில் துணியைப் பிழிய நிமிடத்துக்கு 1000, 1200 சுற்று என்று வேகமெடுக்கிற கட்டம் மட்டும்தான், தண்ணீர் வெளியேறாவிட்டால் அது நடக்காது. துவைக்கும்போது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகப் புரள்வதற்கு 'டர்ன்', 'டம்பிள்' என்று வேறு சொற்கள் இருக்கின்றன. 'டிரம் இஸ் நாட் டர்னிங்' என்று எழுதியிருந்தால் பெல்ட்டோடு வந்திருப்பார், நானும் இரண்டு நாள் கையால் துவைத்திருக்க மாட்டேன்.

நமக்குப் பேச்சில் எல்லாமே 'சுத்துது' தான். ஃபேன் சுத்துது, பூமி சுத்துது, பருந்து சுத்துது, பையன் ஊர் சுத்துறான். தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை, சுழல், உருள், திருகு, முறுக்கு, சுருட்டு, வலம் வா என்று நிறையவே இருக்கிறது, ஆனாலும் வாயில் முதலில் வருவது அந்த ஒன்றுதான். அதை அகராதியில் தேடினால் இங்கிலீஷில் பத்துப் பதினைந்து சொல் வந்து விழும். எல்லாம் ஒரே பொருள் என்று நினைத்து ஏதாவது ஒன்றை எடுத்தால் என் கதைதான். பட்டியலை மனப்பாடம் செய்வதை விட, அசைகிற பொருளைப் பார்த்து ஓரிரு கேள்வி கேட்பது எனக்கு உதவுகிறது.

முதல் கேள்வி: அச்சு எங்கே இருக்கிறது? பொருளுக்குள்ளேயே இருந்தால் 'ரொட்டேட்', வெளியே வேறொன்றைச் சுற்றி வந்தால் 'ரிவால்வ்'. பூமி தன் அச்சில் ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம் ஆகிறது, அது ரொட்டேட். சூரியனைச் சுற்றிவர 365¼ நாள், அது ரிவால்வ். நிலா இரண்டையும் ஏறத்தாழ 27.3 நாளில் செய்து முடிப்பதால்தான் நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. வானத்துச் சமாசாரம் என்றால் 'ஆர்பிட்' இன்னும் பொருத்தம், சர்வதேச விண்வெளி நிலையம் பூமியைச் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்பிட் செய்கிறது. பருந்தோ, இறங்க இடம் கிடைக்காத விமானமோ தலைக்கு மேல் வட்டமடித்தால் 'சர்க்கிள்'. அதற்கு ஆர்பிட் போட்டால் சிரிப்பார்கள்.

இந்த விதியை ரொம்ப இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. பெரிய ஓட்டல் வாசலில் இருக்கிற சுழல் கதவு தன் அச்சிலேயேதான் சுழல்கிறது, ஆனாலும் பெயர் 'ரிவால்விங் டோர்'. 1888ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து இன்றுவரை ஓடுகிற கதவு, நாம் போய்ப் பெயரைத் திருத்த முடியாது. ஆபீஸ் நாற்காலியையும் நம்மூர்க் கடைகளில் 'ரிவால்விங் சேர்' என்கிறார்கள், வெளியூர்க்காரர்களுக்கு அது 'ஸ்விவல் சேர்'. ஸ்விவல் என்றால் அடிக்கால் அசையாமல் மேல்பகுதி மட்டும் திரும்புவது. கூடைப்பந்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அதன் மேலேயே உடம்பைத் திருப்புவார்களே, அது 'பிவட்'. அறிவியல் விடைத்தாளில் ரொட்டேட், ரிவால்வ் வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள், மற்ற இடங்களில் எது பழகிப்போயிருக்கிறதோ அதுதான்.

ஒரு கதை, ஒரு விவாதம், ஒருத்தர் வாழ்க்கை 'அதையே சுற்றி வருகிறது' என்று எழுதவும் 'ரிவால்வ்' தான் வேண்டும், 'ரொட்டேட்' வராது. ஆனால் பயிரை மாற்றி மாற்றிப் போடுவது, கார் டயர்களை இடம் மாற்றிப் பூட்டுவது, ஷிப்ட் மாற்றுவது எல்லாம் 'ரொட்டேட்'.

அடுத்த கேள்வி வேகம். மெதுவாகவோ, பாதி மட்டுமோ திரும்பினால் 'டர்ன்' போதும், சாவி, குழாய், ஸ்டீயரிங் எல்லாம் இதில் அடங்கும். விடாமல் வேகமாகச் சுழன்றால் 'ஸ்பின்'. இந்தச் சொல்லின் பழைய பொருள் நூல் நூற்பது, அதனால்தான் நூற்பாலைக்கு ஸ்பின்னிங் மில் என்று பெயர். இறந்தகாலம் 'ஸ்பன்', 'ஸ்பின்ட்' என்று எழுதாதீர்கள். கிரிக்கெட்டில் முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தது ஸ்பின்னில், ஆனால் பிட்ச் ஆன பிறகு பந்து திசை மாறுவதை 'டர்ன்' என்பார்கள். கையிலிருந்து கிளம்பும்போதே சுழல்வது ஸ்பின், தரையைத் தொட்டு விலகுவது டர்ன், வர்ணனை கேட்டால் வித்தியாசம் தெரியும்.

எனக்குப் பிடித்த மூன்று சொல் ஒரே எதுகையில் வருகின்றன: ட்வேர்ல், வேர்ல், ஸ்வேர்ல். குழப்பம் அதிகமும் இங்கேதான். மீசையை முறுக்குவது, பாவாடை விரிய ஒரு குழந்தை சுற்றிக் காட்டுவது, விரல் நுனியில் பேனாவை ஓட்டுவது, இதெல்லாம் 'ட்வேர்ல்'. கொஞ்சம் ஸ்டைலும் விளையாட்டும் இருக்கும். 'வேர்ல்' நிதானம் தவறுகிற அளவுக்கு வேகம், நீர்ச்சுழிக்கு 'வேர்ல்பூல்', துருக்கியில் கொன்யா ஊர் சூஃபிகள் வெள்ளை அங்கி விரியச் சுழல்கிறார்களே, அவர்களுக்கு 'வேர்லிங் டெர்விஷ்' என்று பெயர். 'ஸ்வேர்ல்' பிடிக்கக் கிடைக்காத பொருளுக்கு, புகை, தூசி, காபியில் பால் விட்டதும் வெள்ளையாகச் சுழன்று கரைவது. ஃபேனுக்கு ஸ்வேர்ல் வராது, புகைக்கு ரொட்டேட் வராது.

சரி, பம்பரத்தை எடுங்கள், ஒரே பொருளில் பாதிச் சொல் கிடைத்துவிடும். சாட்டையைச் சுற்றுவது 'வைண்ட்'. எழுத்தில் காற்றுக்கான 'விண்ட்' மாதிரியே இருக்கும், உச்சரிப்பு வேறு. இறந்தகாலம் 'வவுண்ட்', அதையும் எழுத்தில் பார்த்தால் காயத்துக்கான 'வூண்ட்' மாதிரியே இருக்கும். இங்கிலீஷ்காரர்கள் இதை எப்படிச் சகிக்கிறார்கள் என்று தெரியவில்லை. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் 'வைண்டிங்' என்று பலகை போட்டிருப்பது இதே சொல்தான். விட்டெறிந்ததும் பம்பரம் ஸ்பின் ஆகிறது. நட்ட குத்தாக, அசையாதது போல் நின்று சுழல்கிறபோது அதை 'ஸ்லீப்' என்பார்கள், அசந்து தூங்குவதற்கு 'ஸ்லீப் லைக் எ டாப்' என்ற மரபுத்தொடர் உண்டு. வேகம் குறைந்து தலை ஆடினால் 'வாபுள்'. சாய்ந்து விழுந்தால் 'டாப்புள்'. விழுந்த பிறகு தரையில் உருண்டு ஓடினால் 'ரோல்', அதாவது சுழன்றுகொண்டே இடமும் நகர்வது.

சுற்றவே சுற்றாததையும் நாம் சுற்ற வைத்துவிடுகிறோம். டேபிள் ஃபேன் தலை இடமும் வலமுமாகப் போய்வருவது 'ஆசிலேட்', ரொட்டேட் ஆவது உள்ளே இருக்கிற இறக்கை. புடவை சுற்றுவது 'ட்ரேப்', பார்சல் சுற்றுவது 'ராப்' (wrap). ஊர் சுற்றுவது 'ரோம்', வேலைவெட்டி இல்லாமல் என்றால் 'லோஃப் அரவுண்ட்'. 'சுத்தி வளைச்சுப் பேசாதே' என்பதற்கு 'பீட் அரவுண்ட் தி புஷ்' என்று தனியாகவே ஒன்று வைத்திருக்கிறார்கள். கோயிலில் பிராகாரம் சுற்றுவதற்கு அகராதி 'சர்க்கம்ஆம்புலேட்' என்று கொடுக்கும், வாயில் நுழையாது, 'வாக் அரவுண்ட்' என்றே எழுதுங்கள்.

கடைசியாகத் தலைசுற்றல். இதை மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் எதிரே இருப்பவர் டாக்டர். எழுந்ததும் கண் இருட்டி மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் 'லைட்ஹெடெட்'. படுத்துக்கொண்டிருக்கும்போதே அறை முழுக்கச் சுழல்வது போல் இருந்தால் 'தி ரூம் இஸ் ஸ்பின்னிங்', அதை அவர்கள் 'வெர்டிகோ' என்று எழுதுவார்கள். அதுவும் லத்தீனில் 'திரும்பு' என்ற வினையிலிருந்து வந்ததுதான். இரண்டையும் பொதுவாக 'டிஸி' என்று சொல்லிவிட்டால், சுத்துறது நீங்களா ரூமா என்று அவரே திருப்பிக் கேட்பார்.