ஐந்து நாள் ட்ராமா தெரபி: நீலகிரியில் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹோம்ஸ்டே ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கீழேயிருந்து ஆட்களை வரவழைத்து, ஐந்து நாள், ஆறு நாள் தொடர்ச்சியாக ட்ராமா தெரபி, அதாவது விபத்து, வன்முறை போன்றவை தந்த மனக்காயத்துக்கான சிகிச்சை, கொடுக்கும் இளம் கவுன்சிலர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சிலர் தங்கள் வேலையைப் பற்றிப் பேசி வழிகாட்டல் பெற என்னிடம் சூப்பர்விஷனுக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், நன்றாகப் படித்தவர்கள். ஆனால் நாங்கள் இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் எங்கெல்லாம் சறுக்கினோமோ, சொல்லிவைத்தாற்போல அதே இடங்களில் சறுக்குகிறார்கள்.

ரகசியம் காப்பது, ஒப்புதல் கையெழுத்து வாங்குவது, படிப்பும் பதிவும் இல்லாமல் இறங்காமல் இருப்பது எல்லாம் இங்கே வராது. அது தெரியாதவர் இந்தப் பக்கமே வந்திருக்கக் கூடாது.

இப்படிச் சில நாளில் நெருக்கிக் கொடுக்கும் இன்டென்சிவ் முறை மேல் எனக்குச் சந்தேகமும் கிடையாது. பிரிட்டனில் ஆங்கே ஏலர்ஸ் (Anke Ehlers) என்ற உளவியலாளரின் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு நாளில் நெருக்கிக் கொடுத்த சிகிச்சையின் பலன், மூன்று மாதம் வாராவாரம் கொடுத்ததன் பலனுக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. மாதக்கணக்கில் ஊருக்கும் கிளினிக்குக்கும் அலைய முடியாதவர்களுக்கு இது பெரிய வரம். அதை இங்கே கொண்டுவந்து எப்படிக் கெடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

வந்த அன்றே தொடங்குவது

மேட்டுப்பாளையத்திலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி வந்தவரை ஒரு டீ கொடுத்து உட்காரவைத்து, "சொல்லுங்க, என்ன நடந்துச்சு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தலைசுற்றல், படபடப்பு, குமட்டல், கை சில்லிடுவது. வளைவுச் சாலையும் இதையெல்லாம் தரும், பயமும் தரும். எது எது என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. முதல் இரவு குளிரில் தூக்கமும் சரியாக வராது. வந்த நாளைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

எதில் வருகிறார், எந்த வழியாக வருகிறார் என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். பஸ் கவிழ்ந்த விபத்தில் பிழைத்த ஒருவரை, அந்தப் பயத்துக்கு வைத்தியம் பார்க்க, பர்லியார் தாண்டிப் பதினான்கு கொண்டை ஊசி வளைவு வழியாக அரசு பஸ்ஸில் ஏறிவரச் சொன்னார் ஒருவர். தைரியசாலி, வந்துசேர்ந்தார். தெரபியில் படிப்படியாகக் கடைசியில் வரவேண்டிய படியை, எந்தத் துணையும் இல்லாமல் முதல் நாளே ஏறி முடித்திருந்தார். அப்புறம் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

மலைக்காற்றே பாதி வைத்தியம் என்று நம்புவது

உங்களுக்கு அமைதியாக இருக்கிற இடம் அவருக்கும் அமைதியாக இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. சோமனூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், ராத்திரி முழுக்க பவர்லூம் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர். தேயிலைத் தோட்டத்து நடுவில் தனிக் காட்டேஜ் கொடுத்திருந்தார்கள். இரவு ஒரு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே கனத்த மூச்சுச் சத்தம், ஏதோ உரசும் சத்தம். காட்டெருமை வேலியோரம் வந்து நிற்பது இங்கே இருப்பவர்களுக்குத் தினசரி சமாச்சாரம். முன்பு ஓர் இரவில் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்த ஆளை மறக்கத்தான் அந்தப் பெண் மலையேறியிருந்தார். விடியும் வரை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது, பாத்ரூம் உள்ளேயா வெளியேயா, கரண்ட் போனால் விளக்கு எங்கே, பக்கத்து அறையில் யார் படுக்கிறார்கள், எந்த மிருகம் எந்த நேரத்தில் வரும் என்பதை வந்தவுடன் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மூச்சுப் பயிற்சியெல்லாம் அதற்கப்புறம்.

கடைசி நாளில் புதிதாக ஒன்றைத் திறப்பது

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். இதைக் கேட்டால் மட்டும் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

நடந்ததைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மா. கணவர் கண்ணெதிரே விபத்தில் இறந்தது அவருடைய பிரச்சினை. நான்கு நாள் வேலை அருமையாக நடந்திருந்தது. அந்தக் காட்சியை நினைக்கும்போது வருகிற வேதனைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்போம் இல்லையா, 10இல் தொடங்கி 1க்கு வந்திருந்தது. கடைசி நாள் மதியம், கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. "வேற ஏதாவது இருக்கா?" என்று கவுன்சிலர் கேட்டிருக்கிறார். இருந்தது. சின்ன வயதில் அம்மா தீக்குளித்த இரவு. வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத விஷயம்.

கவுன்சிலர் அதற்குள் இறங்கிவிட்டார். ஒரு மணி நேரம் முடிந்தபோது மதிப்பெண் 9. வாசலில் டாக்ஸி ஹாரன் அடிக்கிறது. ராத்திரி மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் கொடுத்து, நாலு முறை மூச்சை இழுத்து விடச் சொல்லி, கட்டிப்பிடித்து அனுப்பிவைத்தார்.

ரயிலில் விளக்கை அணைத்ததும் அந்த அம்மாவால் படுக்க முடியவில்லை. கண்ணை மூடினால் நெருப்பு. கவுன்சிலருக்கு அடித்தார், போன் ஸ்விட்ச் ஆஃப். ஐந்து நாள் களைப்பு, பாவம், தூங்கிவிட்டிருந்தார். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் ஈரோட்டில் இறங்கி, விடியும் வரை பிளாட்ஃபார்ம் பெஞ்சிலேயே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அக்காதான் கார் ஏற்பாடு செய்து வீட்டுக்கு அழைத்துப்போனார். மறுநாள் அந்த அக்கா போன் செய்து கேட்டது: "புருஷன் போன துக்கத்தைப் பாத்துக்கத்தானே அனுப்பினோம்? எங்க அம்மாவை எதுக்கு இழுத்தீங்க?" அந்த அம்மா அதன் பிறகு எந்தத் தெரபிஸ்டிடமும் போகவில்லை. நான்கு நாளில் கிடைத்ததும் சேர்ந்து போனது.

சூப்பர்விஷனில் அந்தக் கவுன்சிலர் என்னிடம் சொன்னது: "மேடம், அவங்களே மனசு திறந்து சொன்னாங்க. அப்ப எப்படி நிறுத்தறது?"

கடைசி நேரத்தில் பெரிய விஷயம் வெளியே வருவது தற்செயல் இல்லை. ஐந்து நாளில் நம்பிக்கை வந்திருக்கும். கிளம்பப் போகிறோம், இனி இவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதே பேசும் துணிச்சலைக் கொடுக்கும். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணமும் இருக்கும். இந்தப் பக்கம் கவுன்சிலருக்கோ, நான்கு நாள் வெற்றி கொடுத்த தெம்பு. இரண்டும் சேர்ந்தால் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

பிரான்சின் ஷாபிரோ 1980களின் கடைசியில் உருவாக்கிய, கண்ணை இருபக்கமும் அசைக்கவைத்தபடி வேதனையான நினைவைக் கையாளும் இ.எம்.டி.ஆர். (EMDR) என்ற தெரபி முறையில் எட்டுக் கட்டங்கள் உண்டு. ஏழாவது, அன்றைய வேலையைப் பத்திரமாக முடித்துவைப்பது. எட்டாவது, அடுத்த அமர்வின் தொடக்கத்தில், போன முறை செய்தது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது. எட்டையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கடைசி நாள் செய்கிற வேலைக்கு அந்த எட்டாவது கட்டமே கிடையாது என்பது மட்டும் உறைக்காது. திங்கட்கிழமை எதையாவது சரியாக மூடாமல் விட்டால் செவ்வாய்க்கிழமை காலை பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை விட்டால், அது ரயிலேறிப் போய்விடும். நன்றாக முடித்த வேலைக்குப் பிறகும் சில நாள் கனவுகளும் துண்டு துண்டான நினைவுகளும் வருவது வழக்கம்தான். பாதியில் விட்டதற்குப் பிறகு என்ன வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கடைசி நாளில் புதிய நினைவு எதையும் தொடக் கூடாது. "வேற ஏதாவது இருக்கா?" என்ற கேள்வியே அன்றைக்குக் கிடையாது. தானாக வந்தால், "இதைச் சொன்னது பெரிய விஷயம்மா. இதுக்கு ஒரு மணி நேரம் போதாது, இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்கிப் பார்ப்போம்" என்று சொல்லி, தலைப்பை மட்டும் நோட்டில் எழுதிவைத்து, அவரை எழுப்பி வெளியே நடக்கக் கூட்டிப்போங்கள். அதற்கு மேலும் கலக்கம் அடங்கவில்லை என்றால் டிக்கெட்டைக் கேன்சல் செய்து ஓர் இரவு தங்கவையுங்கள். அந்த இரவுக்குக் காசு வாங்காதீர்கள்.

இரவு ரயிலை நம்பி வருகிறவர்களுக்கு முன்கூட்டியே பகல் பயணம் போடச் சொல்லுங்கள், முடிந்தால் துணைக்கு ஓர் ஆள். மறுநாள் காலை இத்தனை மணிக்கு நானே கூப்பிடுவேன் என்று சொல்லி, கூப்பிடுங்கள். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள், லைன் போகாததைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நள்ளிரவில் யாரும் எடுக்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். காகிதத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

கீழே அவருடைய ஊரில் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஒரு மனநல மருத்துவரோ தெரபிஸ்டோ இருக்கிறாரா? இல்லை என்றால் முதலில் அதை ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் மலையேறச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் "ஆள் குறைஞ்சுடுவாங்களே மேடம்" என்கிறார்கள். குறையட்டும்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

சொல்லாதீர்கள்.

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்வது

நெதர்லாந்தில் இந்த இன்டென்சிவ் தெரபியை எட்டு நாள் திட்டமாக நடத்துகிறார்கள். ஒருவருக்கு ஒரே தெரபிஸ்ட் கிடையாது, மாற்றி மாற்றி வருவார்கள், நடுவில் உடற்பயிற்சியும் உண்டு. இங்கே காலையில் தெரபி, மதியம் சமையல்காரரிடம் பேரம், மாலையில் வாக்கிங், ராத்திரி அழுகிறவருக்குத் துணை, எல்லாம் ஒரே ஆள். மூன்றாம் நாள் அவர் கேட்பது காதில்தான் விழுகிறது, மண்டையில் ஏறுவதில்லை. குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

கூட வந்தவரை அறைக்குள் உட்காரவைப்பது

கணவரானாலும் சரி, மாமியாரானாலும் சரி, வெளியே. யாரால் காயம்பட்டார் என்று இன்னும் உங்களுக்குத் தெரியாது.

அழுகையை எண்ணுவது

அழுதார் என்று நோட்டில் எழுதுங்கள். வேலை பலித்துவிட்டது என்று பக்கத்தில் டிக் போடாதீர்கள்.

பேரிடர் நடந்த மறுவாரமே தெரபிக்குக் கிளம்புவது

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலம் சரிந்தபோது, பக்கத்துக் கூடலூர், பந்தலூர்வரை கலங்கிப்போயிருந்தார்கள். 2009 நவம்பரில் நம் மாவட்டத்திலேயே மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புதிதல்ல. இப்படி ஏதாவது நடந்தால் உடனே ஒரு குழு, "நடந்ததைச் சொல்லுங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று முகாமுக்குப் போய்விடும். உடனடியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டச் சொல்வதால் பலன் இல்லை, சிலருக்குக் கெடுதல் கூட ஆகலாம் என்று தெரிந்து வெகுகாலம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனமும் அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த வாரத்தில் தேவை கம்பளி, சோறு, சொந்தக்காரர் எந்த முகாமில் இருக்கிறார் என்ற தகவல், பேச விரும்பினால் காது கொடுக்க ஓர் ஆள். பி.டி.எஸ்.டி. (PTSD), அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு, என்று சொல்லவே அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும்.

பதினெட்டுக்குக் கீழே இருப்பவரிடம் சட்டத்தைச் சொல்லாமல் தொடங்குவது

பாலியல் கொடுமை என்று தெரியவந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012, பிரிவு 19இன்படி புகார் கொடுத்தாக வேண்டும். "உன் ரகசியம் என்னோட இருக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு நான்காம் நாள் போலீஸுக்குப் போன் செய்வதைவிடப் பெரிய துரோகம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. பேச ஆரம்பிக்கும் முன்பே, பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுங்கள்.

சீசனில் வைப்பது

ஏப்ரல், மே மாதத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் ஏறும், பக்கத்து காட்டேஜில் கேம்ப் ஃபயரும் ஸ்பீக்கரும் இருக்கும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டு, வந்தவரைச் செக்போஸ்டில் நிறுத்தவைத்தவர்களும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் எப்போது மண் விழும் என்று சொல்ல முடியாது. விழுந்தால் எல்லா வண்டியும் கோத்தகிரி வழிதான். ஜனவரி, பிப்ரவரி தோதான மாதங்கள். ராத்திரி உறைபனி கொட்டும், ஆளுக்கு இரண்டு கம்பளியும் ஒரு ஹாட் வாட்டர் பேகும் எடுத்துவையுங்கள்.