ஹெலிகாப்டரிலிருந்து ஏர்லைனுக்கு: நாற்பதுக்கு மேல் மாறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடுபாதையின் நடுக்கோட்டில் செஸ்னா என்ற சின்னப் பயிற்சி விமானத்தை நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் தள்ளச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவர் ஆப்கானிஸ்தானில் பிளாக் ஹாக் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டியவர். எஞ்சின் முழங்கியதும் விமானம் நடுக்கோட்டை விட்டு இடது பக்கப் புல்வெளியைப் பார்த்துத் திரும்பும். காரணம் அவருடைய இடது கால். அமெரிக்க ஹெலிகாப்டரில் சக்தியைக் கூட்டும்போது இடது பெடலை மிதிக்க வேண்டும். புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானத்தில் வலது பெடலை மிதிக்க வேண்டும். இருபது வருடம் காலில் ஊறிய பழக்கம் ஒரே காலையில் போய்விடாது.

நான் டெக்சாஸில் விமானப் பயிற்சி கொடுப்பவன். ராணுவ ஹெலிகாப்டர், ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர், கடலில் இருக்கும் எண்ணெய்த் தளங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஹெலிகாப்டர் என்று பல இடங்களிலிருந்தும் ஏர்லைன் வேலைக்கு மாற நினைப்பவர்கள் வருகிறார்கள். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கி உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு நான் துணிச்சலைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. ஆனால் அவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் வருடக்கணக்கில் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க விதிகள். இந்தியாவிலோ வளைகுடா நாடுகளிலோ மாற நினைப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைத் தனியாகப் படிக்க வேண்டும்.

மொத்த மணி நேரத்தை நம்பி இருப்பது

"என்னிடம் 2,800 மணி நேரம் இருக்கிறது, ஏர்லைனுக்கு 1,500 போதுமே" என்றுதான் பலர் பேச்சைத் தொடங்குவார்கள். அந்த 1,500 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும். 2009 பிப்ரவரி 12 அன்று, பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் 3407 என்ற பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2013 முதல், துணை விமானியாகச் சேர்பவருக்கும் ஏ.டி.பி. என்ற உயர்நிலை உரிமம் இருந்தாக வேண்டும் என்று ஆனது. அந்த உரிமத்துக்குத்தான் 1,500 மணி நேரம். ராணுவத்தில் விமானிப் பயிற்சி முடித்து, நற்சான்றோடு வெளியே வந்தவர்களுக்கு மட்டும் 750 மணி நேரத்திலேயே, துணை விமானியாக மட்டும் பறக்க விடும் கட்டுப்பாடுள்ள ஏ.டி.பி. கிடைக்கும்.

மொத்தக் கணக்கில் ஹெலிகாப்டர் நேரமும் சேரும். அதுவரை சரி. ஆனால் அதே விதிக்குள் இன்னொரு வரி இருக்கிறது. அந்த மொத்தத்தில் 250 மணி நேரம் விமானத்திலேயே, பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். ஹெலிகாப்டரில் பத்தாயிரம் மணி நேரம் இருந்தாலும் இந்த 250-இல் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. அதிலும் 100 மணி நேரம் தொலைதூரப் பறப்பாக இருக்க வேண்டும், 25 மணி நேரம் இரவாக இருக்க வேண்டும். இது தெரியாமல் வீட்டுக்குப் பக்கத்து ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றியே 250-ஐ முடித்துவிட்டு, இரவும் தூரமும் பற்றாமல் மறுபடி காசு கட்டியவர்கள் உண்டு.

தொலைதூரம் என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஏ.டி.பி. கணக்குக்கு, புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் போயிருந்தால்தான் அது தொலைதூரப் பறப்பு. மொத்தம் 500 மணி நேரம் அப்படி வேண்டும், ராணுவ வழியில் வருபவர்களுக்கு 200. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் ஓட்டம் பெரும்பாலும் முப்பது நாற்பது மைலுக்குள் முடிந்துவிடும். ராணுவப் பதிவுகளிலோ இந்த தூரக் கணக்குத் தனியாக இருப்பதில்லை. ஆகவே முதல் வேலையாகப் பழைய லாக்புக்கை எடுத்து, ஒவ்வொரு பறப்பும் எங்கே புறப்பட்டு எங்கே போனது என்று உட்கார்ந்து பிரித்து எழுதுங்கள். அலுப்பான வேலைதான். நேர்காணலில் அந்த எண்ணை ஆதாரத்தோடு காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செலவைப் பாதியாக்க இரண்டு பேர் சேர்ந்து பறப்பது வழக்கம். ஒருவர் கண்ணை மறைத்துக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட, மற்றவர் பாதுகாப்பு விமானியாக வெளியே பார்ப்பார். சரியாகச் செய்தால் இருவருமே பொறுப்பு விமானி நேரமாக எழுதலாம். ஆனால் பாதுகாப்பு விமானியாக உட்கார்ந்த நேரத்தைத் தொலைதூரப் பறப்பாக எழுத முடியாது. இதைத் தவறாக எழுதிய லாக்புக்கைக் கண்டுபிடிக்க ஏர்லைன்காரருக்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

என்னைக் கேட்டால் இதுதான் மிகப் பெரிய தவறு.

ஏர்லைன் விமானிக்கு 65 வயதில் கதவு மூடிவிடும், எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும். அதோடு ஏர்லைனுக்குள் எல்லாமே சேர்ந்த தேதியை வைத்துத்தான். எந்த ஊரில் இருந்து பறப்பது, தீபாவளிக்கு வீட்டில் இருக்க முடியுமா, எப்போது கேப்டன் ஆவது, ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் போவது என எல்லாவற்றையும் சீனியாரிட்டி எண்தான் முடிவு செய்யும். ஹெலிகாப்டரில் நீங்கள் தலைமைப் பயிற்றுநராக இருந்ததற்கு அங்கே ஒரு இடம்கூட முன்னால் கிடைக்காது. உங்களுக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்த 24 வயதுப் பையன், நீங்கள் ஓய்வு பெறும் நாள் வரை உங்களுக்கு மூத்தவன்.

44 வயதுக்காரர் ஒருவர் வேலையை விடாமல் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பறக்கிறார் என்று வையுங்கள். 250 மணி நேரம் முடிய 125 வாரம், அதாவது ஏறக்குறைய இரண்டரை வருடம். அதே ஆள் வாரத்துக்கு எட்டு மணி நேரம் பறந்தால் 32 வாரத்துக்குள் முடித்துவிடலாம். நடுவில் போகும் ஒன்றே முக்கால் வருடத்தைச் சேர்ந்தபின் எவ்வளவு உழைத்தாலும் மீட்க முடியாது. வாடகை விமானத்துக்குப் பணம் சேர்த்து வைத்துக்கொண்டு, விடுப்பு எடுத்து ஒரே மூச்சில் பறந்தவர்கள்தான் நான் பார்த்தவரை நன்றாக வந்திருக்கிறார்கள்.

கேப்டன் பதவிக்கும் தனிக் கணக்கு உண்டு. ஏர்லைன் வகைப் பறப்பில் 1,000 மணி நேரம் இல்லாமல் கேப்டன் ஆக முடியாது. ராணுவத்தில் பல எஞ்சின் கொண்ட டர்பைன் விமானத்துக்குத் தலைமை விமானியாக இருந்தவர்கள் அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். ஹெலிகாப்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

உரிமங்களை வரிசை மாற்றி எடுப்பது

ஹெலிகாப்டரில் வணிக உரிமம் வைத்திருப்பவர் விமானத்துக்கு மாறும்போது எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை. பயிற்சியும் அனுபவ மணி நேரமும் செய்முறைத் தேர்வும் போதும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் கருவிப் பறப்புத் தகுதிக்கும் அப்படியே. ஆனால் ஹெலிகாப்டருக்கு வாங்கிய கருவிப் பறப்புத் தகுதி விமானத்துக்குச் செல்லாது, அதைத் தனியாக எடுத்தாக வேண்டும்.

விமான உரிமம் கைக்கு வரும் முன், பக்கத்தில் பயிற்றுநர் இருக்கப் பறக்கும் நேரம் பொறுப்பு விமானிக் கணக்கில் ஏறாது. ஆகவே முதல் உரிமத்தைச் சீக்கிரம் வாங்குங்கள். அதன்பிறகு கருவிப் பறப்பு, வணிகம், இரட்டை எஞ்சின் எல்லாவற்றையும் அந்த 250-க்குள்ளேயே பொருத்திவிடலாம். அதற்காகத் தயாராகாமல் தேர்வுக்குப் போகாதீர்கள். தோற்ற செய்முறைத் தேர்வுகள் பதிவில் நிற்கும். எத்தனை முறை தோற்றீர்கள் என்று ஒவ்வொரு ஏர்லைனும் கேட்கும்.

மெடிக்கலை மூடி மறைப்பது

ஹெலிகாப்டர் வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று போதும். ஏர்லைன் முதல் வகுப்பு கேட்கும். நாற்பது தாண்டியவர்களுக்கு அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஈ.சி.ஜி. வருடம் ஒருமுறை. பயிற்சிக்கு முதல் டாலர் செலவழிக்கும் முன்னால் இந்தச் சான்றை வாங்கிவிடுங்கள். ஹெலிகாப்டர் அதிர்வில் முதுகு போனவர்கள், காது மந்தமானவர்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் பலவற்றுக்கு வழி உண்டு, ஆனால் காகித வேலைக்கு மாதக்கணக்கில் ஆகும்.

ராணுவத்திலிருந்து வருபவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. படைவீரர் நலத்துறையிடம் உடல்நலப் பாதிப்புக்காக மாதாந்திர உதவித்தொகை வாங்குகிறீர்களா? விமான மருத்துவப் படிவத்தில் அதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு துறையிடம் "எனக்கு மன அழுத்தம், முதுகுவலி" என்று சொல்லித் தொகை வாங்கிக்கொண்டு, இன்னொரு துறையிடம் "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுதுவது பொய்ச் சான்று. இரண்டு துறைகளும் பதிவுகளை ஒப்பிட்டதில் ஐயாயிரத்தை நெருங்கும் விமானிகள் விசாரணைக்குள் வந்ததாக 2023-இல் செய்தி வெளியானது. உடம்பில் இருக்கும் குறைக்கு அனுமதி கிடைக்கலாம், மறைத்ததற்கு உரிமமே போகலாம். படிவத்தை அனுப்பும் முன் விமான மருத்துவர் ஒருவரிடம் தனியாக ஆலோசனை கேளுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்திய பின் அழுத நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும்.

கையும் காலும் மறக்க வேண்டியவை

பெடலை முதலிலேயே சொன்னேன். அதைவிட ஆபத்தானது வேகம். ஹெலிகாப்டரில் தரையை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அந்தரத்தில் நின்றுவிடலாம். அது இயல்பான இறக்கம். விமானத்தில் அதே உள்ளுணர்வோடு மூக்கைத் தூக்கி வேகத்தைக் கரைத்தால் இறக்கை காற்றைப் பிடிப்பதை விட்டுவிடும். அதுதான் ஸ்டால். கோல்கன் விபத்தில் கேப்டன் செய்தது, எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்ந்தபோது அதைப் பின்னுக்கு இழுத்தது. அவர் ஹெலிகாப்டரிலிருந்து வந்தவர் அல்ல. விமானத்திலேயே வளர்ந்தவருக்கே அந்தக் கணத்தில் கை பின்னால் போனது என்றால், மெதுவாகப் போவதையே தொழிலாக வைத்திருந்தவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! ஸ்டால் பயிற்சியை ஏதோ சடங்கு போலச் செய்யாமல், கை தானாக முன்னுக்குத் தள்ளும் வரை செய்யுங்கள்.

அடுத்து அவசரம். ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றால் ஓரிரு நொடிக்குள் கலெக்டிவை, அதாவது தூக்குவிசையைக் கூட்டிக் குறைக்கும் இடது கை நெம்புகோலை, கீழே இறக்கியாக வேண்டும். யோசிக்க நேரமே கிடையாது. இரட்டை எஞ்சின் ஜெட்டில் ஒன்று நின்றால், முதல் வேலை மூக்கை நேராக வைத்து ஏறிக்கொண்டே இருப்பதுதான். கொஞ்சம் உயரம் கிடைத்தபின், இருவருமாகச் சேர்ந்து எது நின்றது என்று உறுதி செய்து, சரிபார்ப்புப் பட்டியலைப் படித்துச் செய்ய வேண்டும். 1989-இல் இங்கிலாந்தின் கெக்வொர்த்திலும், 2015-இல் தைப்பேயில் டிரான்ஸ்ஏசியா 235 விமானத்திலும், பழுதானதை விட்டுவிட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையே நிறுத்திவிட்டார்கள். முதலதில் 47 பேர், இரண்டாவதில் 43 பேர் இறந்தார்கள். உங்கள் மின்னல் வேகக் கை ஹெலிகாப்டரில் உங்களைக் காப்பாற்றியிருக்கும். ஜெட்டில் அந்தக் கையை மடியில் வைத்திருக்கப் பழக வேண்டும்.

உயரம் இன்னொரு புது உலகம். 35,000 அடியிலிருந்து இறங்குவதை ஏறத்தாழ 105 கடல் மைலுக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்பது எளிய கணக்கு. ஹெலிகாப்டர்காரர்களுக்கு இறக்கத்தை இவ்வளவு முன்னால் திட்டமிட்டுப் பழக்கமே இருக்காது.

ஆனால் ஏர்லைன் சிமுலேட்டரில் ஆட்கள் திணறுவதற்கு முக்கியக் காரணம் கருவிப் பறப்பு. பகலில் கண்ணால் பார்த்துப் பறந்தே வருடங்களைக் கழித்தவர்கள், மேகத்துக்குள் கருவி முள்களை மட்டும் நம்பி, ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டும்போது மூளை நிரம்பிவிடுகிறது. 250-ஐச் சேர்க்கும்போதே வெயில் நாளாக இருந்தாலும் கருவிப் பறப்புத் திட்டம் போட்டுப் பறந்து பழகுங்கள். இது கூடுதல் செலவில்லாமல் கிடைக்கும் பயிற்சி.

கையெழுத்து போடும் முன்

2010களின் பிற்பாதியில் சில பிராந்திய ஏர்லைன்கள் ஹெலிகாப்டர் விமானிகளின் மாற்றத்துக்கு உதவப் பணமே கொடுத்தன. 2020-இல் கோவிட் வந்ததும் பல திட்டங்கள் நின்றன. இது ஏறி இறங்கும் சந்தை. யாராவது பயிற்சிப் பணம் தருகிறார்கள் என்றால், எத்தனை வருடம் கட்டுப்பட்டிருக்க வேண்டும், நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், அவர்களே வேலை தராவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் பாருங்கள். ஏ.டி.பி. எழுத்துத் தேர்வுக்கு முன் கட்டாயமான படிப்பு ஒன்று உண்டு: 30 மணி நேரம் வகுப்பு, 10 மணி நேரம் சிமுலேட்டர். பல ஏர்லைன்கள் வேலைக்கு எடுத்தபின் அதைத் தாங்களே நடத்துகின்றன. முன்கூட்டியே சொந்தக் காசில் படிக்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் பேசிவிட்டீர்களா? ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு என்று வாழ்ந்த குடும்பத்துக்கு, கைபேசியைப் பார்த்துக்கொண்டே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் காத்திருக்கும் ரிசர்வ் வாழ்க்கை புதிது. முதல் ஓரிரு வருடம் அப்படித்தான் போகும்.

என்னிடம் படித்த ஒருவர் ஏர்லைனில் சேர்ந்தபின் வந்து சொன்னதை இங்கே எழுதலாம் என்று தோன்றுகிறது. ஹெலிகாப்டரில் பொறுப்பு விமானி வலது இருக்கையில் உட்கார்வார். வலது கையில் சைக்ளிக் என்ற திசைத் தண்டு, இடது கையில் கலெக்டிவ். என்னோடு செஸ்னாவின் இடது இருக்கையில் எட்டு மாதம் கை மாற்றி ஓட்டக் கஷ்டப்பட்டவர் அவர். ஏர்லைனில் துணை விமானிக்கு வலது இருக்கை. வலது கையில் கட்டுப்பாட்டுத் தண்டு, இடது கையில் எஞ்சின் நெம்புகோல். "உட்கார்ந்ததுமே கை ரெண்டும் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்துச்சு சார்" என்றார். அப்போது அவருக்கு வயது 46.