பழைய ஃபோர் பை ஃபோர் வாங்குகிறீர்களா? சின்ன லிவரை இழுத்துப் பாருங்கள்

பழைய வண்டி விற்கிறவர்கள் பலரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: "நாங்க ஃபோர் பை ஃபோர் போட்டதே இல்ல சார், அந்த செட்டப் அப்படியே புதுசா இருக்கு." வாங்க வந்தவர் சந்தோஷமாகத் தலையாட்டுவார். மர்ஃபி டவுனில் சின்னதாக ஒர்க் ஷாப் நடத்துகிற எனக்குச் சந்தேகமே அங்கேதான் ஆரம்பிக்கும். காட்டில் போட்டு அடித்த வண்டியும் கெடும், போடாமலே வைத்திருந்த வண்டியும் கெடும். பெங்களூரில் என் கைக்கு வருவதில் இரண்டாவது வகைதான் அதிகம். ஆபீஸ், சில்க் போர்டு டிராஃபிக், எப்போதாவது ஒரு கூர்க் டிரிப் என்றே ஓடியிருக்கும். கியர் லிவருக்குப் பக்கத்தில் இருக்கிற, நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற சின்ன லிவரை வருஷக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். லிங்கேஜ் துருப்பிடித்திருக்கும், ரப்பர் பூட் காய்ந்து வெடித்திருக்கும். என்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்பதே ஓனருக்குத் தெரிந்திருக்காது.

வண்டி தேடுமுன் ஒரு கேள்வி. உங்களுக்கு ஃபோர் பை ஃபோர் தேவையா? நந்தி மலைக்குத் தார் ரோடு. 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலைக்கும் தார் ரோடுதான். நல்ல டயர் போட்ட சாதாரண காரே போதும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் வாங்கி, மழைக்காலத்தில் செம்மண் சேற்றில் இறங்குகிறவருக்கு வேண்டும். ஜூலை மாதம் சக்லேஷ்பூர் எஸ்டேட்டுக்குள் போய் வருகிறவருக்கு வேண்டும். மற்றவர்களுக்கு அது கூடுதல் எடை, கூடுதல் டீசல், முன்னால் இன்னொரு கிரவுன் (ஆக்சில் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி), அதற்குச் சக்தி கொண்டுபோக இன்னொரு புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆசைக்கு வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆசைக்கு எவ்வளவு செலவு என்று தெரிந்து வாங்கினால் சரி.

கையில் எட்டு லட்சம் இருந்தால் ஆறரை லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை வண்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும். டயர் மட்டும் ஐந்து, ஸ்டெப்னியும் அதே சைஸில் இருக்க வேண்டும். அப்புறம் கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், ஜாயின்ட் கிராஸ் (புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு), எல்லா ஆயில். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் திரும்ப விற்கிறார்கள்.

எந்த வண்டி? எஸ்டேட், தோட்டம் என்றால் 2010 முதல் 2020 வரை வந்த பழைய மஹிந்திரா தார், சி.ஆர்.டி.இ. டீசல் என்ஜின் உள்ளது. மெதுவாக, அதிக இழுவையோடு ஊர லோ கியர் உண்டு, எல்லா ஊரிலும் சாமான் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் பழகிய வண்டி. ஆனால் பின்சீட்டு பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும், ஏர்பேக் கிடையாது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சென்னை ஹைவேயில் போகிறவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தோடு மாதம் ஒரு தடவை மலைப்பக்கம் போகிறவர் என்றால் 2014-ல் வந்த டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. (நாலு சக்கரமும் இழுக்கிற) டீசலைத் தேடலாம். லோ கியர் இல்லை, முதல் கியரை மட்டும் குட்டையாகக் கொடுத்திருக்கிறார்கள். சேறு, சரளை, ஈரப் புல் மேடு வரை தாராளமாகப் போகும், ஹைவேயிலும் காராகவே ஓடும். ஏழு பேர் என்றால் சஃபாரி ஸ்டார்ம் ஃபோர் பை ஃபோர். ஜிப்சி 1985-ல் வந்த மாடல். எடை குறைவு, பெட்ரோல், சேற்றில் கெட்டிக்காரன், ரோட்டில் இடுப்பை ஒடிக்கும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமே 5,000 ரூபாய், 20 வருஷம் தாண்டினால் 10,000 என்பதையும் அங்கே கணக்கில் சேருங்கள். பழைய ஃபார்ச்சூனர் உழைக்கும், ஆனால் விலை இறங்கவே இறங்காது. பஜேரோ ஸ்போர்ட் நல்ல வண்டி. சாமானுக்குக் காத்திருக்கப் பொறுமை இருந்தால் பாருங்கள்.

ஒரே பெயரில் இரண்டு வகை இருப்பதையும் கவனியுங்கள். ஸ்கார்ப்பியோ, சஃபாரி, டஸ்டர் எல்லாவற்றிலும் பெரும்பாலானவை இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிகள்தான். புதிய தாரிலேயே 2023 முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல் இருக்கிறது. வெளியே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பின்னால் ஒட்டியிருக்கிற ஃபோர் பை ஃபோர் எழுத்தை நம்பாதீர்கள், ஜே.சி. ரோட்டில் அது தனியாகவே கிடைக்கும். குனிந்து முன் ஆக்சிலைப் பாருங்கள், முன்சக்கரம் இழுக்கிற டஸ்டரில் மட்டும் பின் ஆக்சிலை. நடுவில் கிரவுன் ஹவுசிங்கும் இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்டும் இருக்க வேண்டும்.

இப்போது சின்ன லிவருக்கு வருவோம். இந்தப் பரிசோதனையைத் தார் ரோட்டில் செய்யாதீர்கள். தார், ஜிப்சி மாதிரி வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டுகிற டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரம் ஒரு தூரம் போகும், பின்சக்கரம் வேறு தூரம் போகும். சக்கரம் வழுக்கவும் வழியில்லாத காய்ந்த ரோட்டில் அந்த வித்தியாசம் முழுக்க டிரான்ஸ்ஃபர் கேஸிலேயே முறுக்காக ஏறும். அதனால் லேஅவுட் ஓரத்தில் ஏதாவது காலி சைட், சரளைத் தரை பாருங்கள். விற்கிறவர் "அங்கெல்லாம் எதுக்கு சார்" என்று இழுத்தால், அந்தப் பதிலையே குறித்துக்கொள்ளுங்கள்.

வண்டியை நிறுத்தி டூ ஹெச்சிலிருந்து (இரண்டு சக்கரம்) ஃபோர் ஹெச்சுக்குப் (நாலு சக்கரம்) போடுங்கள். லிவர் கொஞ்சம் கனமாக இருக்கலாம், இரண்டு கையால் தொங்கும்படி இருக்கக் கூடாது. மீட்டரில் விளக்கு எரிய வேண்டும். ஆனால் விளக்கு சுவிட்சின் பேச்சைத்தான் கேட்கும், சக்கரத்தின் பேச்சையல்ல. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முதல் கியரில் மெதுவாக வட்டம் போடுங்கள். போட்டது போட்டபடி பிடித்திருந்தால் ஸ்டியரிங் கனக்கும், வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் திணறும், முன்சக்கரம் சரளையைத் தேய்த்துத் தள்ளும். டூ ஹெச்சில் சுற்றியது மாதிரியே லேசாகச் சுற்றினால் முன் ஆக்சில் வேலை செய்யவில்லை, விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் சரி. சில பழைய வண்டிகளில் முன்சக்கர ஹப்பைக் கையால் திருப்பி லாக் செய்ய வேண்டும். அது திரும்புகிறதா என்று முன்பே பாருங்கள். டஸ்டர் வகைக்கு இந்த வட்டச் சோதனை அவ்வளவு பொருந்தாது. நாலு சக்கர சுவிட்சை லாக்கில் போட்டு ஈர மண் மேட்டில் ஏற்றுங்கள், பின்சக்கரம் மண்ணைத் தள்ளுகிறதா என்று கூட வந்தவர் வெளியே நின்று பார்க்கட்டும். அந்த வகையில் நாலு டயரும் ஒரே சைஸ், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருப்பது ரொம்ப முக்கியம். இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்றால் பின்சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கிற கப்ளிங் எப்போதும் சறுக்கிச் சூடாகி வீணாகும்.

அடுத்து ஃபோர் எல், அதாவது நாலு சக்கரத்தோடு லோ கியர். வண்டி முழுக்க நிற்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். போட்டுவிட்டு முதல் கியரில் கிளட்சை விடுங்கள், ஆக்சிலேட்டரில் கால் வேண்டாம். டீசல் வண்டி தானாகவே நடக்கிற வேகத்துக்கும் கீழே ஊர்ந்து போகும். இப்போது ஆக்சிலேட்டரைச் சடக்கென்று அழுத்தி விடுங்கள், இரண்டு மூன்று தடவை. லிவர் துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ளே தேய்ந்திருக்கிறது. பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம். திரும்ப டூ ஹெச்சுக்கு வந்ததும் விளக்கு அணையாமல் மினுக்கினால் பயப்பட வேண்டாம், ரிவர்ஸில் பத்தடி போனால் முறுக்கு இறங்கி அணையும். அப்போதும் அணையவில்லை என்றால் கோளாறுதான். லிவருக்குப் பதில் திருகு சுவிட்ச் இருக்கிற மாடல்களில் கீழே சின்ன மோட்டார் ஒன்று இந்த வேலையைச் செய்யும். போடும்போது கீழேயிருந்து மோட்டார் சத்தம் கேட்க வேண்டும். தண்ணீர் இறங்கியோ சும்மா கிடந்தோ இறுகிப்போவது இந்த மோட்டார்தான்.

கீழே படுக்க ஒரு பழைய பாயும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சேஸிஸை நீளவாக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், துரு தின்ற இடம் பொத்தென்று சொல்லும். அடியில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் மினுங்கினால் அங்கே கூடுதலாகத் தட்டுங்கள். வெல்டிங்கை மறைக்கவும் அதே பெயின்ட்தான். கீழ் ஆர்மில் நசுங்கல், வளைந்த டை ராடு, சேஸிஸ் ஓட்டைகளுக்குள் இறுகிக் கிடக்கிற செம்மண் எல்லாம் வண்டி எங்கே போய் வந்தது என்பதைச் சொல்லிவிடும். அப்புறம் முன் கிரவுனின் பக்கவாட்டு பிளக்கைக் கழற்றி, சுண்டுவிரலை விட்டு ஆயிலைத் தொட்டு வெயிலில் தேய்த்துப் பாருங்கள். ஃபில்டர் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுவென்று பொடி ஒட்டினால் பல் தேய்கிறது. இதைச் செய்ய விடாத பார்ட்டியிடம் நான் வாங்கச் சொல்வதில்லை. வாங்கிய பிறகும் முதல் வேலை ஆயில்தான்: என்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன், ஐந்தையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். மாதம் ஒரு தடவை மண் தரையில் ஃபோர் ஹெச் போட்டு ஓட்டினால் மறுபடி இறுகாது.

ஏற்கெனவே உயர்த்தி, பெரிய டயர் போட்டு, ஸ்நார்க்கெல் (என்ஜினுக்கு மேலிருந்து காற்று இழுக்கிற குழாய்) வைத்த வண்டியைப் பார்த்ததும் எஜிபுராவிலிருந்து வருகிற ஐ.டி. தம்பிகளுக்குக் கண் விரியும். அந்தச் செலவெல்லாம் இலவசமாக வருகிறது என்று நினைக்கிறார்கள். பெரிய டயர் ஸ்டியரிங், பேரிங், கிரவுன் எல்லாவற்றையும் சீக்கிரம் தின்னும். முன்னால் இரும்பு பம்பர் கார்டு இருந்தால் போலீஸ் அபராதமும் உண்டு, மத்திய அரசு 2017-லேயே அதற்குத் தடை சொல்லிவிட்டது. எனக்குக் கொடுத்தால் கம்பெனி ஃபிட்டிங்கோடு, சலித்துப்போன வெள்ளை நிற எஸ்டேட் வண்டி ஒன்றைத்தான் எடுப்பேன். கே.ஏ. 12, கே.ஏ. 18, கே.ஏ. 46 நம்பர்கள் குடகு, சிக்மகளூர், சக்லேஷ்பூர்ப் பக்கத்தவை. பாடி கீறலாக இருக்கும், ஆனால் மழைக்காலம் தோறும் லிவர் போட்டிருப்பார்கள்.

என்ஜின் சோதனை எல்லா டீசலுக்கும் உள்ளதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் போங்கள், ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள், போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தளர்ந்திருக்கலாம். ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் கிளட்ச் பிளேட் செலவு. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு ஓட்டம் விட்டு, ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் "டக்" என்றால் ஜாயின்ட் கிராஸ். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 சென்னை, 2022 செப்டம்பர் பெல்லந்தூர், இரண்டிலும் எத்தனையோ நல்ல வண்டிகள் மூழ்கின.

பேப்பர் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது டெல்லி வண்டியில். அங்கே டீசலுக்கு 10 வருஷம் என்ற கட்டுப்பாட்டை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் அது கொஞ்சம் தளர்ந்தாலும், அந்தப் பயத்தில் இறங்கிய விலையைக் காட்டித்தான் இங்கே விற்கிறார்கள். அங்கே என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வாழ்நாள் வரி கட்டி, கே.ஏ. நம்பர் எடுத்து முடிப்பதற்குள் மலிவு கரைந்துவிடும். கர்நாடக வரி நாட்டிலேயே அதிகமானவற்றில் ஒன்று. ஆர்.டி.ஓ.வில் வண்டியின் வயதுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள். ஓசூரில் மச்சான் பெயரில் டி.என். 70 நம்பர் வாங்கி இங்கேயே ஓட்டலாமே என்று கேட்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே நம்பர் மாற்ற வேண்டும் என்பது சட்டம். ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்சி என்றால் ஏலப் பேப்பரும் ஆர்.சி.யும் கையில் இருக்க வேண்டும். "பேப்பர் அப்புறம் வரும்" என்றால் நீங்களும் அப்புறம் வாருங்கள்.

சேஸிஸில் குத்தியிருக்கிற நம்பரை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். லோன் இருந்த வண்டிக்கு வங்கியின் என்.ஓ.சி.யும் 35-ஆம் படிவமும் வேண்டும், பெயர் மாற்றத்துக்கு 29-ம் 30-ம். பாக்கி அபராதத்தை ஆன்லைனில் பார்த்து, விற்கிறவர் கட்டிய பிறகே மீதிப் பணம் கொடுங்கள். வண்டி எடுக்கிற நாளில் தேதியும் நேரமும் போட்ட டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கேமரா அபராதம் யார் கணக்கு என்ற சண்டை வராது. இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கேட்பார்கள், கட்டிவிடுங்கள்.